மணற்காற்று நாளில் கண் பரிசோதனை

வளைகுடா வேலைக்குக் காத்திருக்கும் நர்சிங் பிள்ளைகள் போன மாதம் நாகர்கோவிலில் ஒரு கூட்டம் போட்டு என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவன் கையில் மைக் கிடைத்தால் விடுவானா? விமானத்தில் எதைச் சாப்பிடலாம் என்பதிலிருந்து தொடங்கினேன். நடுவில் ஒரு பையன் எழுந்தான். "சார், சவுதியில மதுவே கெடையாதாமே. அப்ப குடிகேஸ் ஒண்ணும் வராதுல்லா? நிம்மதியான டூட்டிதானே?" என்று கேட்டான். நான் சிரித்துவிட்டேன். மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பாவம், அவன் உட்கார்ந்துவிட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. நானும் அதே நினைப்போடுதான் அங்கே போய் இறங்கினேன். கூட்டத்தில் நேரம் இல்லாமல் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் படிப்புக் கதை சின்னது. நாகர்கோவிலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்தேன். ஆம்பளப் பிள்ளை பெட்பேன் எடுப்பதா என்று சித்தப்பா வெகுநாள் என்னோடு பேசவில்லை. மதுரையில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு துபாய் போனேன். அல் குசைஸில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கிளினிக். முதுகுவலி, சுளுக்கு, வெயில் மயக்கம், வெள்ளிக்கிழமை காலையில் தலைவலி. துபாயில் சரக்கு கிடைத்தது. குடித்தவன் குடித்தேன் என்று சொல்வான், நான் மாத்திரை கொடுப்பேன், அதோடு முடிந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் அந்தக் கம்பெனி சவுதியில் எரிவாயுக் குழாய் போடும் வேலை எடுத்தது. எங்களில் சிலரை அங்கே மாற்றினார்கள்.

கேம்ப் அல் கோபாரிலிருந்து வண்டியில் அரை நாள் தூரம். கடைசி பெட்ரோல் பங்கைத் தாண்டியபின் மரம் என்று ஒன்று கண்ணில் படாது. தகரக் கொட்டகைகள், மெஸ், தொழுகை அறை, தண்ணீர் டாங்கி, ஓரத்தில் எங்கள் கிளினிக். நம் ஊர்க்காரர்கள், மலையாளிகள், நேபாளிகள், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தார் என்று எல்லோரும் இருந்தார்கள். மது என்ற பேச்சுக்கே இடமில்லை. குடித்துப் பிடிபட்டால் ஜெயில், அடி, பிறகு ஒரேயடியாக ஊருக்கு விமானம். நான் ஆண் நர்ஸ் என்பதால் கேம்ப் முழுவதற்கும் 'பிரதர்'. அந்தோணி என்ற என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் ஒருவர்தான். அவர் டாக்டர் இத்ரீஸ்.

சூடானைச் சேர்ந்தவர். நல்ல உயரம், கறுப்பு, எப்போதும் தேய்த்த சட்டை. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பாதி இங்கிலீஷ், பாதி இந்தி, நடுவில் அரபு. ஐந்து வேளைத் தொழுகை தப்பாது. வாழ்நாளில் சாராயத்தின் வாசனையைக் கூட ஆஸ்பத்திரியில் மட்டுமே அறிந்தவர். முதல் வாரத்தில் அவரைக் கொஞ்சம் கிறுக்கு என்றுதான் நினைத்தேன். காரணம் அவருடைய டீ.

புது ஆட்கள் பஸ்ஸில் வந்து இறங்கும் நாளில் மருத்துவப் பரிசோதனை உண்டு. வேறு டாக்டராக இருந்தால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, பிரஷர் பார்த்து, அடுத்தவன் என்பார். இவர் எல்லோரையும் பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுக்கச் சொல்வார். கைப்பிடி இல்லாத சின்னக் கண்ணாடி கிளாஸ். அதில் விளிம்பு வரைக்கும் ஊற்ற வேண்டும். நான் முக்கால் கிளாஸ் ஊற்றினால் தானே கெட்டிலை வாங்கி நிறைப்பார். பிறகு ஒவ்வொருவனிடமும் பயணம் எப்படி, வீட்டில் யார் யார் என்று விசாரிப்பார். அவர் பார்வை முகத்தில் இருக்காது, கிளாஸில் இருக்கும். யார் கையில் டீ தளும்புகிறது, யார் கிளாஸைக் கையில் எடுக்காமல் பெஞ்சில் வைத்துக் குனிந்து உறிஞ்சுகிறான், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஊரில் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் இரண்டொரு நாளில் உடம்பு சண்டைக்கு வரும். கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முற்றினால் சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், வலிப்பு வரும், சில சமயம் உயிரே போகும். டாஸ்மாக் வாசலில் இருந்து நேரே ஏர்போர்ட்டுக்கு வந்தவன், மதுவே இல்லாத தேசத்தில் இறங்குகிறான். இது அவனுக்கும் தெரியாது, அவனை அனுப்பிய ஏஜெண்டுக்கும் தெரியாது. டீ தளும்பியவர்களை டாக்டர் 'பயணக் காய்ச்சல்' என்று சொல்லி கிளினிக்கிலேயே படுக்கவைப்பார். முதலில் வைட்டமின் பி-ஒன் ஊசி, அதன் பிறகுதான் குளுக்கோஸ். இந்த வரிசையை மாற்றக்கூடாது. மாற்றினால் மூளை கெடும் என்று எனக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். நடுக்கத்துக்கு மாத்திரை, தினம் குறைத்துக்கொண்டே வருவது. ஜன்னல் பக்கம் கட்டில். அவன் பாஷை பேசும் ஒருவன் பக்கத்தில் உட்கார வேண்டும். கட்டிப்போடும் பேச்சே கிடையாது. எழுந்து ஓடப் பார்த்தவனிடம் டாக்டர் பக்கத்தில் போய் நின்று மெதுவாகப் பேசுவார். அவன் சத்தத்தைக் குறைத்தால்தான் அவர் பேசுவது கேட்கும். அதனாலேயே குறைப்பான். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.

அப்படி வந்தவன்தான் கருப்பையா. அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். வெல்டருக்கு உதவியாள் வேலை. கழுத்துத் துண்டால் கிளாஸைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் படுக்கையை விரித்தேன். மூன்றாம் நாள் அவன் கூரையில் ஆடு மேய்கிறது என்றான். அவன் பக்கத்தில் உட்கார யாரைக் கூப்பிடுவது என்று நாங்கள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த வேலைக்கு எங்களிடம் ஒரே ஆள்தான், சண்முகவேல்.

சண்முகவேல் கிரேன் ஓட்டுகிறவர். தென்காசிக்காரர். வருஷம் தவறாமல் மாலை போடுகிறவர். கேம்பில் நம் ஆட்களுக்கு எல்லாம் அண்ணன். குடியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நம் ஊர் மதுவிலக்குச் சுவரொட்டி எல்லாம் தோற்றுப் போகும். கருப்பையாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆடு மேய்ந்தால் மேயட்டும், நீ எண்ணு, நானும் எண்ணுகிறேன் என்று அவனைப் பேச்சில் வைத்துக்கொண்டிருந்தார். அவன் தேறி எழுந்தபோது அவர் காலில் விழுந்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். நானும் சாட்சி.

செய்த சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தான். உடம்பு தேறியது. கிளினிக்குக்கு வந்து எட்டிப்பார்த்து, ஒன்றுமில்லை பிரதர், சும்மாதான் வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போவான். சில மாதம் கழித்து அவனுடைய அம்மா தவறிவிட்டார் என்று போன் வந்தது. பாஸ்போர்ட்டும் எக்சிட் விசாவும் கம்பெனி ஆபீசில். லீவு கிடைத்து அவன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும், வந்து பிரயோஜனமில்லை என்று ஊரிலிருந்தே சொல்லிவிட்டார்கள். ரூமில் உட்கார்ந்து யோசித்துப் பைத்தியமாவதை விட சைட்டுக்குப் போகிறேன் என்று அவன் டூட்டிக்குப் போனான். அழவில்லை. எங்களுக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

அதற்கு மறுநாளைக்கு மறுநாள் மணற்காற்று பிடித்தது. காலையிலேயே வானம் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமாகி, எதிர்க் கொட்டகை தெரியவில்லை. சைட் வேலை நிறுத்தம். ரூம்காரர்கள் கருப்பையாவைப் போர்வையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், சண்முகவேல் தலைமாட்டைப் பிடித்திருந்தார். ஓடி வந்தவனுக்கு இரைப்பதுபோல் படுத்திருப்பவனுக்கு மூச்சு இரைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"பிரதர், புழுதி உள்ளயும் வந்துருச்சா? கண்ணு முன்னாடி ஒரே வெள்ளையா இருக்கு" என்றான்.

உள்ளே புழுதி இல்லை. டாக்டர் டார்ச்சை அவன் கண்ணில் அடித்தார். கண்பாப்பா சுருங்கவே இல்லை. எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். சண்முகவேல் போகத் தயங்கினார், அவரையும் அனுப்பினார். கதவு மூடிய பிறகுதான் கருப்பையா வாயைத் திறந்தான். சைட்டில் நீல பேரல் ஒன்று இருக்கிறது, அதில் ஸ்பிரிட் வாசனை வந்தது, முந்தின நாள் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன் என்றான். கேம்பில் யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்று நான் கேட்டுவிட்டேன். கேம்பிலும் கள்ளத்தனமாகக் காய்ச்சுவது உண்டு, யார் என்று தெரியாவிட்டாலும் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

"எப்புடிக் கேக்குறது பிரதர்? கேட்டா அண்ணன் காதுக்குப் போயிரும்ல. அவரு மூஞ்சில எப்புடி முழிப்பேன்" என்றான்.

அந்த நீல பேரலில் இருந்தது மெத்தனால். எரிவாயுக் குழாய்க்குள் ஈரம் உறையாமல் இருக்க ஊற்றுவது. நம் ஊரில் கள்ளச்சாராயச் சாவு என்று பேப்பரில் படிக்கிறோமே, அதே விஷம். அது உடம்புக்குள் போய் வேறொன்றாக மாறும்போதுதான் முதலில் கண்ணையும் பிறகு ஆளையும் வாங்கும். வெட்கத்துக்குப் பயந்து, சாதாரணச் சாராயத்தை விட்டுவிட்டு, விஷத்தைக் குடித்திருக்கிறான்.

டாக்டர் அல் கோபாரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் செய்தார். ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் தயார், கொண்டு வாருங்கள் என்றார்கள். சாலை மூடிக் கிடந்தது. காற்று தணியும் வரை ஒரு வண்டியையும் விடுவதில்லை என்று போலீஸ் சொல்லிவிட்டது. ஹெலிகாப்டர் நினைத்துப் பார்க்கவும் முடியாது. டாக்டர் போனை வைத்துவிட்டு, ரத்தத்தில் ஏறும் அமிலத்தை முறிக்கும் கார மருந்தை டிரிப்பில் ஏற்றச் சொன்னார், ஃபோலிக் ஆசிட் கொடுக்கச் சொன்னார், வெளிச்சம் படாமல் இரண்டு கண்ணையும் பஞ்சு வைத்துக் கட்டச் சொன்னார். எல்லாம் செய்தேன். பிறகு, "இது போதாது அந்தோணி" என்றார்.

போதுமானது எது என்று அவரே சொன்னார். மெத்தனாலுக்கு மாற்று மருந்து சாராயம்தான். நல்ல சாராயம். அது உள்ளே போனால் ஈரல் அதைச் செரிக்கும் வேலையில் இறங்கிவிடும், மெத்தனால் விஷமாக மாறாமல் காத்துக் கிடக்கும். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கென்று சுத்தமான மருந்துச் சாராயம் பூட்டி வைத்திருப்பார்கள், எங்களிடம் கிடையாது. நான் அலமாரியிலிருந்து புண் துடைக்கும் ஸ்பிரிட்டை எடுத்து நீட்டினேன். அவர் தலையை ஆட்டினார். யாரும் குடிக்காமல் இருப்பதற்காக அதிலும் கொஞ்சம் மெத்தனால் கலந்திருப்பார்களாம்.

டாக்டர் ஸ்பிரிட்டை வாங்கி அலமாரியில் திரும்ப வைத்தார். பிறகு என்னை மெஸ்ஸுக்கு அனுப்பினார். மெஸ் நடத்தியவர் கபீர் பாய், கீழக்கரைக்காரர், எல்லா ரூமுக்கும் சோறு போகும் வழி அவருக்குத் தெரியும். அவரிடம் நான் சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, கருப்பையா பிழைக்க அந்தச் சரக்கு வேண்டும். வைத்திருப்பவர்கள் கிளினிக்கின் பின்வாசல் படியில் வைத்துவிட்டுப் போகட்டும், யாரும் பார்க்கமாட்டோம். இரண்டாவது, மணற்காற்றில் கண் உறுத்துகிறவர்கள் முன்வாசலில் வரட்டும், டாக்டர் கண் பரிசோதனை செய்கிறார். முதல் செய்தி எனக்குப் புரிந்தது. கண் பரிசோதனை எதற்கு என்று புரியவில்லை. கபீர் பாய் இரண்டையும் கேட்டுவிட்டு, சரி என்று மட்டும் சொல்லிக் கரண்டியைக் கீழே வைத்தார்.

நான் திரும்பி வந்தபோது டாக்டர் முன்னறையில் லுஹர், அதாவது மதியத் தொழுகை, தொழுதுகொண்டிருந்தார். அவர் முடித்து எழுந்ததும் பின்கதவைத் திறந்தோம். படியில் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். நீல மூடி, பச்சை மூடி, ஒரு ஜூஸ் பாட்டில், ஒரு பழைய ஷாம்பு பாட்டில் கூட. மணல் அதற்குள் மேலே படிந்துவிட்டது. அந்தக் கேம்பில் இவ்வளவு இருந்ததா! டாக்டர் குனிந்து ஒவ்வொன்றாக, குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்து உள்ளே மேஜையில் வைத்தார்.

இனித்தான் கஷ்டமே. இவற்றில் எது சுத்தம்? ஒன்றில் அந்த பேரல் சரக்கு கலந்திருந்தால் நாங்களே அவனைக் கொன்றவர்களாவோம். குடித்துப் பார்த்துச் சொல்லவும் முடியாது, மெத்தனால் உடனே காட்டாது, ஒரு நாள் கழித்துத்தான் கண்ணைப் பிடிக்கும். டாக்டர் அப்போதுதான் விளக்கினார். ஒரு பாட்டில் நல்லது என்பதற்கு ஒரே அத்தாட்சி, அதிலிருந்து சில நாள் முன்னால் குடித்து, இன்று கண் தெளிவாகத் தெரிகிற மனிதன். அப்படிப்பட்டவன் இங்கே வந்து நிற்க வேண்டும். வந்து நின்றால் அவன் குடித்தவன் என்று ஆகிவிடும். ஆனால் மணற்காற்று நாளில் கண் காட்ட வருகிறவனை யார் என்ன கேட்க முடியும்?

எங்கள் கண் அட்டையில் இங்கிலீஷ் எழுத்துகள் வரிசையாக இருக்காது. 'E' ஒன்றே மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி இருக்கும். படிக்காதவனும் விரலால் திசை காட்டலாம். டாக்டர் அதைச் சுவரில் மாட்டினார். அதற்குக் கீழே மேஜையில் பாட்டில்கள். ஒவ்வொருவனாக உள்ளே வர வேண்டும். திசை காட்ட வேண்டும். பிறகு, குடித்திருந்தால் அந்தப் பாட்டிலை விரலால் தொட்டால் போதும், வாயால் எதுவும் சொல்ல வேண்டாம். இதையும் ஓடிப்போய் கபீர் பாய் காதில் போட்டுவிட்டு வந்தேன்.

யாரும் வரமாட்டார்கள் என்று நான் நினைத்தேன். உயிர் கொடுப்பான் தோழன் என்று பாட்டுக்குச் சொல்லலாம். தன் வேலையைப் பறிகொடுப்பானா? வீட்டில் எத்தனை வயிறு காத்திருக்கிறது? கதவைத் திறந்தேன். முதலில் நின்றது சண்முகவேல்.

அவர் அட்டையைப் பார்த்துக் கடைசி வரிசை வரைக்கும் தப்பில்லாமல் திசை காட்டினார். பாட்டிலைத் தொடவில்லை. டாக்டருக்குப் புரியாத தமிழில், என்னைப் பார்த்து வாய்விட்டே சொன்னார்.

"அந்த நீல மூடி. வியாழக்கெழம நானுந்தான் குடிச்சேன் பிரதர். மாசத்துல ரெண்டு தடவ குடிப்பேன், ஒருத்தனுக்கும் தெரியாது. நான் பெரிய யோக்கியன்னு நெனச்சுதான அவன் எங்கிட்ட வரல. என் கண்ண நல்லாப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க, சந்தேகமே இருக்கப்புடாது."

கிரேன் ஓட்டுகிறவன் குடித்தான் என்று தெரிந்தால் லைசென்ஸ் போகும், வேலை போகும், அதைவிட, அவர் சம்பாதித்து வைத்திருந்த பெயர் போகும். மூன்றையும் அந்த மேஜை மேல் வைத்துவிட்டார். நான் அதை டாக்டருக்குச் சொன்னேன். டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருடைய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அடுத்து ஒரு நேபாளி வந்து நீல மூடியைத் தொட்டான். அடுத்து ஒரு மலையாளி, அதே மூடி. எல்லோருக்கும் கண் தெளிவு. டாக்டர் "கலாஸ், போதும்" என்று எழுந்தார். ஒரு கரண்டியில் ஊற்றித் தீ வைத்துப் பார்த்து, எவ்வளவு காட்டம் என்று கணக்குப் போட்டார். ஆரஞ்சு ஜூஸில் கலந்து, கருப்பையாவின் மூக்குக் குழாய் வழியே மெதுவாக இறக்கினேன். வாழ்நாளில் தொடாத பொருளை அவர் தன் கையால் அளந்து கலந்தார், முகம் சுளிக்கவில்லை. அதன்பின் மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாக. சர்க்கரை குறைகிறதா என்று விரலில் குத்திப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வரிசை முடிந்திருக்கும் என்று முன்கதவைத் திறந்தேன். முடியவில்லை. வரிசை கிளினிக்கைச் சுற்றி, தண்ணீர் டாங்கி வரைக்கும் போய், அதற்கப்பால் புழுதிக்குள் மறைந்திருந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முதுகைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டும் தொடாதவர்கள், தொழுகையை விடாத பாகிஸ்தான் பட்டாணியர்கள், கபீர் பாயும் மெஸ் ஆட்களும், மீன்கறி கூடச் சாப்பிடாத சைவப் பிள்ளை ஒருவர். குடித்த நாலைந்து பேர் மட்டும் வந்து போனால் யார் யார் என்று தெரிந்துவிடும் அல்லவா? அதனால் கேம்பே வந்து நின்றது. யாரும் யாருக்கும் சொல்லி ஏற்பாடு செய்ததாக நான் இன்றுவரை கேள்விப்படவில்லை. என் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. மாதா கோயிலில் கூட எனக்கு அப்படி ஆனதில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

கேம்ப் பாஸ், ஒரு லெபனான்காரர், ஜீப்பில் வந்து இறங்கினார். என்ன கூட்டம் என்றார். டாக்டர் வாசலில் நின்று, மணலில் எல்லோருக்கும் கண் உறுத்துகிறது, நீங்களும் காட்டிக்கொள்ளுங்கள் என்றார். உள்ளே கண்ணைக் கட்டிப் படுத்திருக்கும் ஆள்? சைட்டில் ரசாயனம் பட்டுவிட்டது, பேரலுக்குப் பூட்டுப் போடுங்கள் என்றார். பாட்டில்கள் அதற்குள் திரைக்குப் பின்னால் போய்விட்டன. மனிதர் என்ன வாசனை பிடித்தாரோ தெரியாது. அட்டை முன் நின்று ஒழுங்காகத் திசை காட்டிவிட்டு, பூட்டுக்கு ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

பிற்பகலில் காற்று கொஞ்சம் இறங்கியது. போலீஸ் ஆம்புலன்ஸை மட்டும் விடுவதாகச் சொன்னது. நானும் டாக்டரும் ஏறினோம். வழியிலும் மணிக்கொரு தரம் மருந்து கொடுக்க வேண்டும், ஆகவே நீல மூடி பாட்டிலும் எங்களோடு வந்தது. நான் அதைப் போர்வைக்கடியில் செருகினேன். டாக்டர் அதை வெளியே எடுத்துத் தன் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

"முன்னால செக்போஸ்ட் இருக்கு டாக்டர்" என்றேன்.

"அங்கே ஆட்களைக் காப்பாற்ற மறைத்தேன். இங்கே நான் மட்டும்தானே? ஒளித்து வைத்தால் இது சாராயம் அந்தோணி. மடியில் இருந்தால் மருந்து" என்றார்.

செக்போஸ்ட்டில் நரைத்த தாடியுடன் ஒரு சார்ஜெண்ட் பின்கதவைத் திறந்தார். வண்டிக்குள் அடித்த நெடியில் ஒரு அடி பின்னால் போனார். டாக்டர் பாட்டிலை அவரிடம் நீட்டினார். என் அரபு கடை வீதி அரபுதான், ஆனாலும் அன்று ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இது சாராயம், இவனுக்கு நான்தான் கொடுக்கிறேன், இவன் விஷம் குடித்துவிட்டான், இதுதான் மருந்து, பொறுப்பு என்னுடையது என்றார். டாக்டர் கையில் விலங்கு மாட்டுவதை என் கண்ணிலேயே பார்த்துவிட்டேன்.

சார்ஜெண்ட் மூடியைத் திறந்து முகர்ந்தார். கண் கட்டிய கருப்பையாவைப் பார்த்தார். மூக்குக் குழாயைப் பார்த்தார். இது இல்லாவிட்டால்? என்று கேட்டார். முதலில் கண் போகும், பிறகு உயிர் என்றார் டாக்டர். சார்ஜெண்ட் மூடியை இறுக்கித் திருகினார். திரும்ப டாக்டர் மடியில் வைத்தார்.

"அல் கோபார் வரைக்கும் இது போதுமா?" என்று கேட்டார்.

போதும் என்றார் டாக்டர். சார்ஜெண்ட் கதவைச் சாத்தினார். தன் ஜீப்பில் ஏறி, விளக்கை எரியவிட்டு எங்களுக்கு முன்னால் ஓட்டினார். மணல் மூடிய இடத்தில் எல்லாம் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் எங்கள் டிரைவர் சாலையைக் கண்டுபிடித்தான். நகரத்தின் விளிம்பு வரைக்கும் வந்து, கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே காட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் பெயர் கூட எனக்குத் தெரியாது. எத்தனையோ பேரைக் கும்பிட்டிருக்கிறேன். அந்தக் கைக்குச் சரியாக ஒரு கும்பிடு போடவில்லை என்று இன்னும் தோன்றும்.

ஆஸ்பத்திரியில் இயந்திரம் போட்டார்கள். டாக்டர் கேம்புக்குத் திரும்பிவிட்டார். நான் கருப்பையாவோடு இருந்தேன். உயிருக்குப் பயமில்லை என்று சீக்கிரமே சொல்லிவிட்டார்கள். கண்ணைப் பற்றி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, கட்டு பிரித்தால்தான் தெரியும் என்றார்கள். சண்முகவேல் தினம் போன் செய்வார். கிரேனை விட்டுத் தரையில் வேலை மாற்றிக் கேட்டிருப்பதாகச் சொன்னார், ஏன் என்று நான் கேட்கவில்லை. கருப்பையா போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பான், பேசமாட்டான். ஒரு தடவை மட்டும், "அண்ணே, அழுகாதீங்கண்ணே" என்றான். அதற்குப் பிறகு தன் அம்மாவுக்காக அவன் அழுதான். கட்டுப் போட்ட கண்ணில் அழக்கூடாது என்று நர்ஸ் சொல்லியும் நான் தடுக்கவில்லை.

கட்டு பிரிக்கிற காலையில் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. எத்தனை பேருடைய வேலை, பெயர், மானம் எல்லாம் அந்த இரண்டு கண்ணுக்காகப் பணயம் வைக்கப்பட்டிருந்தது. கண் டாக்டர் பஞ்சை எடுத்தார். கருப்பையா முதலில் இறுக மூடிக்கொண்டான். பிறகு மெல்லத் திறந்தான். கூரையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். அவன் என் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே பார்த்தான்.

"பிரதர், சட்ட பட்டன மாத்திப் போட்டுருக்கீங்க" என்றான்.

குனிந்து பார்த்தேன். உண்மைதான்.